ஆர்டிஸ் தன் மேலேயே எழுதிய புகார்

ஆர்டிஸ் வென்ட்லாண்டைப் பற்றி எழுதச் சொல்லி நூலகத்துக்காரர்கள் என்னிடம் வந்தது அவர்கள் செய்த முதல் தப்பு. ஊர் மனிதர்களைப் பற்றி ஒரு தொகுப்பு சேர்க்கிறார்களாம். ஒவ்வொருவரைப் பற்றியும் அவரோடு நெருங்கிப் பழகியவர்தான் எழுத வேண்டுமாம். பழகியது உண்மைதான். நான் விஸ்கான்சினில் இருக்கும் கில்ஸ்ட்ரப் நகரசபையின் கிளார்க். இருபத்திரண்டு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பதேகாலுக்கு ஆர்டிஸ் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார். என் கணவர்கூட அவ்வளவு நேரம் தவறாமல் என் எதிரில் வந்து நின்றதில்லை.

"ஜனீன், போன கூட்டத்துக் குறிப்புல நாலாம் பக்கம் பாத்தியா?" இதுதான் அவருடைய காலை வணக்கம்.

"நாலாம் பக்கத்துல என்ன ஆர்டிஸ்?"

"கூட்டம் ஏழே முக்காலுக்கு முடிஞ்சதுன்னு போட்டிருக்க. ஏழு நாப்பத்தொம்போதுக்குல்ல முடிஞ்சது?"

நாலு நிமிஷம்! அந்த நாலு நிமிஷத்தில் யார் குடி முழுகிப்போயிற்று என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கமாட்டேன். கேட்டால் அதற்கும் ஒரு கடிதம் வரும். பேசாமல் திருத்திக் கொடுப்பேன்.

முப்பத்தொரு வருஷம் சீஸ் தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை பார்த்தவர் அவர். மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பாலில் தெரிகிறது என்று சொந்த மைத்துனரின் ஒரு வண்டிப் பாலைக் கீழே கொட்டவைத்தார். மைத்துனர் அதற்கப்புறம் அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரவே இல்லை. ஆர்டிஸ் வருஷம் தவறாமல் அழைப்பு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த இரண்டாம் மாதம் கணவர் கோர்டி இறந்துபோனார். சோதிக்கப் பாலும் இல்லை, கவனிக்கப் புருஷனும் இல்லை என்றானதும் அந்த அம்மாள் நகரசபைப் பக்கம் திரும்பினார்.

எங்கள் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். ஆர்டிஸ் இருபத்துநாலு வருஷம் எல்லாக் கூட்டத்திலும் பேசினார். ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வரவில்லை, இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று. அன்றைக்கும் எழுதிக் கொடுத்தனுப்பினார். அதை வாசிக்க வேண்டிய தலையெழுத்து எனக்கு.

அவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அறிவிப்பு. நகரசபை கூடுவதென்றால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்பே என்ன பேசப்போகிறோம் என்று எழுதி, நகரசபைக் கட்டடமான சிட்டி ஹால் வாசலில் இருக்கும் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். அது சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சாக்கடைக் குழாய் விஷயமாக ஒரு கூட்டம். அறிவிப்பை ஒழுங்காகத்தான் ஒட்டினேன். தோட்டக் கழகத்துப் பெண்கள் ஒரு பெரிய பூந்தொட்டியைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் வைத்துவிட்டார்கள். ஆர்டிஸ் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அரசு வக்கீலுக்குப் புகார் எழுதினார். எடுத்த ஓட்டு செல்லாது என்றாகி, குழாய் சமாச்சாரம் முழுவதையும் முதலிலிருந்து பேசினோம். எங்கள் மேயர் வெர்லின் ஹாகன் டயர் கடைக்காரர். அப்போதுதான் மேயராகியிருந்தார். தன்னை அவமானப்படுத்தவே அந்தம்மாள் இதைச் செய்ததாக அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் சிட்டி ஹால் விஷயத்தில் எனக்கும் ஆர்டிஸுக்கும் ஒரே கட்சி. சிவப்புச் செங்கல் கட்டடம், நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழே நகரசபை அறை, என் அலுவலகம், பக்கத்தில் தீயணைப்புக்காரர்களின் வண்டிக் கூடம். வெள்ளிக்கிழமைகளில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அங்கேதான் மீன் வறுப்பார்கள். என் கோப்புகள் எல்லாவற்றிலும் எண்ணெய் வாசனை அடிக்கும். மேலே மேடையோடு பெரிய மாடிக்கூடம். ஆர்டிஸ் குழந்தையாக போலியோ ஊசி போட்டுக்கொண்டது அங்கே. கோர்டியோடு கல்யாணத்தன்று போல்கா ஆடியது அங்கே. கோர்டியைப் புதைத்துவிட்டு வந்து ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டதும் அங்கேதான். ஊரில் யாரைக் கேட்டாலும் இதேபோல் ஒரு கணக்கு சொல்வார்கள். அதனாலேயே வாசல் பலகையும் ஊர்ச் சொத்தாகிவிட்டது. காணாமல்போன பூனை, விற்பனைக்கு விறகு, தேவாலயத்துப் பாட்டுக் கச்சேரி என்று எதையாவது குத்திக்கொண்டே இருப்பார்கள்.

கட்டடத்துக் கோபுரம் ஒழுக ஆரம்பித்துப் பதினொரு வருஷம் ஆயிற்று. மாடியில் ஏழு வாளி வைத்திருந்தோம். வெர்லினுக்கு நெடுஞ்சாலை ஓரம் ஒரு தகரக் கட்டடம் கட்டிக்கொண்டு போய்விட ஆசை. "கார் நிறுத்த இடம் இருக்கும், குழாயைத் திறந்தா வெந்நீர் வரும், வேற என்ன வேணும்?" என்பார். சிட்டி ஹாலை இடித்துவிட்டுப் பெட்ரோல் பங்க் வைக்க ஒரு கம்பெனி தயாராக இருந்தது. பழுதுபார்க்க மாநில அரசு உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் நவம்பர் முப்பதுக்குள் நகரசபை தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். எங்களுக்கு நாலு கவுன்சிலர்கள். இரண்டுக்கு இரண்டு என்று வந்தால்தான் மேயர் ஓட்டுப் போடலாம். இரண்டு வருஷமாக அப்படித்தான் வந்தது, வெர்லின் தகரத்துக்கே போட்டதால் உதவித்தொகை தவறியது; இதுவே கடைசித் தவணை.

நவம்பர் முதல் வாரத்து வியாழக்கிழமை, மாடிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் கவுன்சிலர் லைல் ப்ரென்னர் கட்சி மாறினார். லைல் பால் பண்ணைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஆர்டிஸ் தன் மூன்று நிமிஷத்தில் வழக்கம்போலக் கத்தவில்லை. கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "இந்த மாடியில ஒரு தடவையாவது ஆடினவங்க எழுந்திருங்க" என்றார். வந்திருந்த இருநூறு பேரும் எழுந்தார்கள். கவுன்சிலர் நாற்காலியிலிருந்து லைலும் எழுந்துவிட்டார். எழுந்த பிறகு எதிர்த்து ஓட்டுப் போட அவருக்கு மனசு வரவில்லை. மூன்றுக்கு ஒன்று. பதினொரு வருஷம் கழித்து சிட்டி ஹால் பிழைத்தது. நான் ஆர்டிஸைக் கட்டிப்பிடித்தேன். அவர் எலும்பெல்லாம் கூர்கூராக இருந்தது.

ஞாயிறன்று சிட்டி ஹாலுக்குப் பணம் சேர்க்கப் பேன்கேக் விருந்து நடந்தது. ஊரே வந்து தின்றது. திங்கள் ஒன்பதேகாலுக்கு ஆர்டிஸ் வந்தார். ஒரு கையில் பேன்கேக் விருந்தின் சுவரொட்டி, இன்னொரு கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"விருந்து முடிஞ்சதே, நோட்டீஸக் கழட்டலாம்னு வந்தேன். அதுக்கு அடியில இது இருந்தது" என்றார்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் ஒட்டிய அறிவிப்பு அது.

"நீ எப்ப ஒட்டின?"

"புதன்கிழமை காலையில பத்து மணிக்கு. நேரத்துக்குத்தான் ஒட்டினேன் ஆர்டிஸ்."

"நான் அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு இந்த விருந்து நோட்டீஸக் குத்தினேன். நாலு மூலையிலும் ஆணி. பனி கொட்டிட்டு இருந்துச்சு, என் மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி. அடியில என்ன இருக்குன்னு பாக்கல. சாக்கு சொல்லல, நடந்ததச் சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "ரெண்டையும் இப்படிக் கொடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க வீட்டுக்குப் போயி காபி போட்டுக் குடிங்க."

"அறிவிப்ப மறைச்சாச்சு ஜனீன். ஓட்டு செல்லாது."

"யாருக்குத் தெரியாமப் போச்சு? இருநூறு பேர் வந்தாங்களே! உக்கார இடமில்லாம ஜன்னல்ல உக்காந்தாங்களே!"

"டெலிபோன்ல தெரிஞ்சுக்கிட்டாங்க. பலகையில தெரியல."

"ஆர்டிஸ், நீங்க ஜெயிச்சிருக்கீங்க. பதினோரு வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கீங்க. புரியுதா?"

அவர் அந்த வெள்ளைத்தாளைக் கவுண்டரில் வைத்து நீவினார். "பூந்தொட்டி வெச்சதுக்கு நான் புகார் எழுதினேன். அவங்களும் வேணும்னு வெக்கல. இப்ப எனக்கு வேண்டியது கெடைச்சிருக்குன்னு சும்மா இருந்தா, இத்தனை வருஷம் நான் பண்ணதுக்குப் பேரு என்ன? வெர்லின் சொல்ற மாதிரி வெறும் பொல்லாத்தனம்தானே?"

"இருந்துட்டுப் போகட்டுமே! பொல்லாத கிழவின்னு ஊரே சொல்லட்டும்! கட்டடம் நிக்குமே!" என்று கத்திவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புகார்ப் படிவம் ஒன்று வேண்டும் என்றார். குற்றம் செய்தவர் பெயர் எழுத ஒரு கோடு இருக்கும். அதில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெர்லினுக்கு விஷயம் எட்டியதும் அவர் டயர் கடையிலிருந்து டோனட் பெட்டியோடு வந்துவிட்டார். "எடுத்துக்கோங்க ஆர்டிஸ், ஜாம் வெச்சது. உங்கள மாதிரி ஆளுங்க ஊருக்கு வேணும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை ஆயுளில் கேட்பேன் என்று நினைத்ததில்லை. ஆர்டிஸ் டோனட்டை எடுக்கவில்லை. மேயரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்வது முறையில்லை என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கவுண்டி வக்கீலிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அறிவிப்பு இருபத்துநாலு மணி நேரமும் கண்ணில் படும்படி இருந்ததா, கிளார்க்கான எனக்கு என்ன தெரியும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுபத்தொன்பது வயதுக்காரிக்கு நாள் குழம்பிவிட்டது என்று விஷயத்தை மூடிவிடுவார்கள். கட்டடம் பிழைக்கும்.

உண்மை என்னவென்றால், புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதே அந்தச் சுவரொட்டியை நான் பார்த்தேன். அறிவிப்பு அதற்கு அடியில் போய்விட்டது என்றும் தெரிந்தது. குளிரில் கையுறையைக் கழற்றி நாலு ஆணியைப் பிடுங்க வேண்டும். ஊருக்கே தெரிந்த கூட்டம், இதை யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்று காரில் ஏறிவிட்டேன். இதை ஆர்டிஸிடம்கூட நான் சொல்லவில்லை. அவர் தன் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தார்.

அந்தத் தாளை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பொய் எழுத எனக்கு மனசு இருந்தது, கை வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவர் வந்து நின்று, "குறிப்புல மூணாம் பக்கம் பாத்தியா?" என்றார். அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து எப்படிப் பொய் எழுதுவது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பார்த்தேன், கண்டும் காணாமல் போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஓட்டு செல்லாது என்று பதில் வந்தது. திரும்பக் கூட்டம் போட வேண்டும், முப்பதாம் தேதிக்கு முன்னால். தேதி குறிப்பது மேயர் கையில். வெர்லின் குறித்தார்: இருபத்துநாலாம் தேதி, திங்கள், மாலை ஆறரை மணி. விஸ்கான்சினில் மான் வேட்டைக் காலம் அதற்கு முந்தின சனிக்கிழமைதான் தொடங்குகிறது. அந்த ஒன்பது நாளும் ஊரில் பாதி ஆண்கள் காட்டில் இருப்பார்கள், லைலும்தான். அவர் முகாமில் டெலிபோன் வேலை செய்யாது. எங்கே என்று அவர் மனைவிக்கே சரியாகத் தெரியாது. லைல் இல்லாவிட்டால் இரண்டுக்கு ஒன்று நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். அந்த வாரமே நம் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர் "அந்தக் கிழவி பண்ணின கூத்துக்கு நான் ஏன் திரும்பப் பேரக் கெடுத்துக்கணும்?" என்று எதிர்ப்பக்கம் போய்விட்டார். லைல் வந்தால் இரண்டுக்கு இரண்டு, மேயர் ஓட்டு. வந்தும் பயனில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் லைலின் மனைவி ஒன்று சொன்னார். "இவரும் நிக் ஷாஃபரும் ஒரே முகாம்லதானே இருக்காங்க. இவர் பேசினா நிக் கேப்பாரு. நிக்கோட அம்மாவும் அந்த மாடியிலதான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க." நிக்தான் தொடக்கத்திலிருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த கவுன்சிலர். ஊரில் இருப்பது நம் பக்கத்தில் ஒருவர், எதிர்ப்பக்கம் போன ஒருவர். மற்ற இருவரும் காட்டில். லைல் மட்டும் வந்தாலே இரண்டுக்கு ஒன்று, நிக்கும் மனசு மாறி வந்தால் மூன்றுக்கு ஒன்று. ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வடக்கே ஓட்டிக்கொண்டு போய், முகாம்காரர்கள் வந்து குடிக்கும் மதுக்கடையில், நிக்கோடு பேசி அவரையும் கூட்டிக்கொண்டு வரும்படி லைலுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். "வந்தா குடுக்கறேன்" என்றார் கடைக்காரர்.

ஒன்று மட்டும் முடிவு செய்திருந்தேன். இந்தத் தடவை ஆர்டிஸ் வாயைத் திறக்க முடியாது. கோபத்தில் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். அறிவிப்பை வியாழக்கிழமையே ஒட்டினேன். மேலே பிளாஸ்டிக் உறை போட்டேன். பலகையில் இருந்த பூனை, விறகு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். காலையும் மாலையும் பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துப் படம் எடுத்துவைத்தேன்.

திங்கள் ஆறரைக்குக் கூடம் நிறைந்திருந்தது. லைலும் நிக்கும் வரவில்லை. வெர்லின் பத்து நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. இருந்த இரண்டு கவுன்சிலர்களில் ஒருவர் பழுதுபார்க்க என்றார், ஒருவர் தகரம் என்றார். மேயர் தகரம் என்றார்.

"இந்த ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டு எடுக்கலாம்?" என்று யாரோ கத்தினார்.

"நாலுல பாதி இருந்தா போதும், மேயரோட சேத்து மூணு. ஊர் விதி. ஆர்டிஸ்கிட்ட கேளுங்க" என்றார் வெர்லின். ஆர்டிஸ் ஆமாம் என்று தலையாட்டினார். வெர்லின் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தை முடித்தார்.

ஏழு ஐந்துக்குக் கதவு திறந்தது. வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையோடு லைலும் நிக்கும் நின்றார்கள், காலெல்லாம் சேறு. "லாரிய பள்ளத்துல விட்டுட்டோம்" என்றார் லைல். நிக் தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "பழுது பாக்கலாம்னுதான் போடப்போறேன், எங்க போடணும்?" என்றார்.

கூடமே கொதித்தது. திரும்ப ஓட்டு எடு என்றார்கள். முடிந்தது முடிந்ததுதான் என்றார் வெர்லின். அப்புறம் நடந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். இருபத்துநாலு வருஷம் அந்தம்மாள் எழுந்தாலே கொட்டாவி விட்டவர்கள், கழுத்தறுப்பு என்று கழிப்பறைக்குப் போனவர்கள், எல்லோரும் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"ஆர்டிஸ், எதாவது தப்பு இருக்கும், பாருங்க!"

"உங்களுக்குத்தான் தெரியும்! ஒண்ணு கண்டுபிடிங்க ஆர்டிஸ்!"

தப்பு ஒன்று இருந்தால் போதும். இந்த ஓட்டும் செல்லாது, வாரத்துக்குள் இன்னொன்று, லைலும் நிக்கும் இருப்பார்கள். ஆர்டிஸ் மெதுவாக எழுந்தார். என்னிடம் அறிவிப்பைக் கேட்டார். உறையோடு கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தேதி, நேரம், இடம். படங்களைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கும் ஒரு தப்பு வேண்டியிருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரலால் தடவினார். எங்கேயாவது ஓர் எழுத்தையாவது விட்டிருக்கக் கூடாதா என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார். "ஒரு தப்பும் இல்ல. ஜனீன் ரொம்ப நல்லா செஞ்சிருக்கா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன்.